கிறிஸ்துமஸ் ராத்திரி, அம்மாவுக்கும் ஓர் இடம்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு என்றால் 25-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடுதான். பகலில் ஆளுக்கொரு திசை. ஆலயம், சொந்தக்காரர் வீடுகள், பலகாரத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது என்று போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு நாகர்கோவில் வீட்டில் கூடுவோம். சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம், மார்த்தாண்டத்திலிருந்து தங்கை குடும்பம், சித்தப்பா வீட்டார், எல்லாம் சேர்த்து 16 பேர்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பந்தியில் அம்மா உட்கார்ந்ததே இல்லை. ஆப்பச்சட்டி முன்னால் நின்றுகொண்டு, "இன்னொண்ணு வைக்கட்டா மக்களே" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எல்லோரும் கை கழுவிவிட்டு முற்றத்துக்குப் போன பிறகு, சட்டியில் ஒட்டியிருக்கும் கறியை வழித்துப் போட்டு, ஆறிப்போன ஆப்பத்தோடு சாப்பிடுவாள். அதிகாலை ஆராதனைக்காக மூன்று மணிக்கே எழுந்த உடம்பு அது. இப்போது அவளுக்கு 74 வயது. இந்தத் தடவை அவளை உட்காரவைத்தே தீருவது என்று நவம்பரிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். 24-ஆம் தேதி லீவு கிடையாது. அதனால் சமையலை நாள் நாளாகப் பிரித்தால்தான் உண்டு. எதை முன்னாடியே செய்தால் ருசி கூடும், எது கெட்டுப்போகும் என்று பார்த்துப் பிரித்தேன். எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் 20, 21 சனி ஞாயிறில் முடிந்தது. அச்சுமுறுக்கைப் பற்றிக் கவலை இல்லை, டின்னில் போட்டால் வாரக்கணக்கில் இருக்கும். முந்திரிக்கொத்துக்குத்தான் கவனம் வேண்டும். வறுத்த சிறுபயற்று மாவோடு சேர்க்கிற தேங்காயை ஈரம் போக வறுக்காவிட்டால் நாலாம் நாளே காறல் அடிக்கும்.

திங்கள் ராத்திரி கறிக்குத் தேங்காய் வறுத்தேன். இந்தச் சாப்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. 4 கிலோ ஆட்டிறைச்சிக்கு 4 தேங்காய். துருவி இரும்புச்சட்டியில் போட்டு, இரண்டு பிடி உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை, நல்லமிளகு சேர்த்துச் சிறு தீயில் கிளறவேண்டும். முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது, ஈரம் மட்டும் ஆவியாகப் போகும். அப்புறம் ஓரங்களில் மஞ்சள் தட்டும். அதற்குமேல் கண்ணை எடுக்கக் கூடாது. மஞ்சள் செம்மண் நிறமாகும், செம்மண் காப்பிக்கொட்டை நிறமாகும். நடுவில் கரண்டி நின்றால் அடி கரியும். ஒரு பிடி கரிந்தாலும் மொத்தமும் கசக்கும். நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே மல்லிப்பொடியும் வத்தல்மிளகாய்ப் பொடியும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, உடனே தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். எனக்கு 50 நிமிஷம் ஆனது. ஆறியதும் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் ஓடவிட்டால் தேங்காய் தன் எண்ணெயைக் கக்கி, பளபளவென்று கரிய சாந்து மாதிரி திரண்டு வரும். தண்ணீர் படாததால் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கும்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பண்டிகைக்குப் பழங்கறியா போடப்போற?" என்று கேட்டாள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வந்தவர்களுக்கு அன்றன்று ஆக்கிப்போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

செவ்வாய் ராத்திரி கறி வைத்தேன். வறுத்தரைத்த கறி மறுநாள்தான் ருசி என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். மசாலா இறைச்சிக்குள் இறங்க நேரம் வேண்டும். மறுநாள் திறந்து பார்த்தால் குழம்பு அல்வா மாதிரி உறைந்திருக்கும். எலும்பிலும் சவ்விலும் இருந்து இறங்கிய பசை அது. சூடேறியதும் இளகிக் குழம்புக்குக் கொழுகொழுப்புக் கொடுக்கும்.

ஆனால் ஆறவைக்கிற முறை தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய பானையோடு கறியைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளியே தொட்டால் ஆறினமாதிரிதான் இருந்தது. நடுவில் சூடு அப்படியே தங்கியிருக்கிறது. காலையில் மூடியைத் திறந்தால் மேலே சின்னச் சின்னக் குமிழி, புளித்த வாடை. 3 கிலோ கறியைத் தென்னை மூட்டில் குழி தோண்டிக் கொட்டிவிட்டு அழுதேன். இப்போது நாலு அகலப் பாத்திரங்களில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் ஏற்றிவிடுகிறேன். எடுத்தால் தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் பரிமாறுவது. அதுவும் ஒரே தடவை.

ஸ்டூவுக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் 24-ஆம் தேதி சாயங்காலமே இஞ்சி, பச்சைமிளகாயோடு வேகவைத்துக்கொண்டேன். தேங்காய்ப்பாலை மறுநாள்தான் ஊற்றினேன், பாலோடு வைத்துத் திரும்பச் சூடாக்கினால் திரிந்துவிடும். நெய்ச்சோறும் முந்தின நாள் வேலை இல்லை. சோறு வெந்தாலும் சாகாத கிருமி வித்து அரிசியில் உண்டு. வெளியே இளஞ்சூட்டில் கிடக்கும் சோற்றில் அது பெருகி விஷமாகிவிட்டால் திரும்பச் சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. குழந்தைகள் சாப்பிடுகிற இடத்தில் நான் அந்தத் துணிச்சலுக்குப் போகமாட்டேன்.

ஆப்பமாவுக்கு அம்மா வழிதான். தேங்காய்த் தண்ணீரில் சீனி போட்டு ஒரு நாள் புளிக்கவைத்து, அதை ஊற்றிப் பச்சரிசி அரைப்பாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கள் ஊற்றுவார்களாம்.

வியாழன் ராத்திரி ஏழரைக்கு இரண்டு அடுப்பில் இரண்டு ஆப்பச்சட்டி. ஆளுக்குக் கால் மணி நேரம் முறை வைத்தோம். நான், தங்கை, அண்ணன், அண்ணன் மகன். அண்ணனுக்கு முதல் மூன்றும் சுற்றவே வரவில்லை. நாலாவது ஓரம் மொறுமொறுவென்று வந்தபோது எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனார்.

அம்மா பந்தியில் சித்தி பக்கத்தில் இருந்தாள். அதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டாள். உப்புப் பார்க்கவேண்டும் என்று ஒரு தடவை, அப்பளம் மறந்துவிட்டது என்று இன்னொரு தடவை. அண்ணன் மனைவி, எங்கள் மைனி, அவள் தோளைப் பிடித்து, "மாமி, இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று திரும்ப உட்காரவைத்தார்கள். அப்புறம்தான் கை இலைக்குப் போனது. ஆப்பத்தின் நடுவிலிருக்கும் மெத்தென்ற இடத்தைக் கிள்ளி, கறியில் தோய்த்து வாயில் வைத்தாள். நான் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றேன்.

"தேங்காய் நல்லா வறுபட்டிருக்கு" என்றாள். இன்னொரு ஆப்பம் கேட்டாள். அது சூடாகவே அவள் இலைக்குப் போனது.

2026-இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. புது வருஷத்துச் சபைக் காலண்டரை மாட்டிய அன்றே அம்மா டிசம்பர் பக்கத்தைப் புரட்டி, 19-ஆம் தேதி சனிக்கிழமையை வட்டம்போட்டு, 'மு.கொத்து' என்று எழுதிவைத்திருக்கிறாள்.