டெம்பர்னா கோவம் இல்லீங்க

எங்க பாலக்கோடு பக்கம் ஒரு பையன் கொஞ்சம் சட்டுன்னு எகிறினா போதும், "அவன் டெம்பர் பார்ட்டிப்பா"ன்னு சொல்லிடுவாங்க, டீக்கடைல இருந்து ஸ்கூல் வரைக்கும் இதே பேச்சுதான், அப்பறம் அந்தப் பையன் என்ன பண்ணாலும் அந்தப் பேர்லதான் பாப்பாங்க. எனக்கு இது மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஏன்னா அந்த வார்த்தைக்கு மொதல்ல இருந்த அர்த்தம் கோவத்துக்கு நேர் எதிரு. லத்தீன்ல டெம்பராரேன்னா சரியான அளவுல கலக்கறது, அளவோட வச்சிக்கறது. சில நூறு வருஷம் முன்னாடி இங்கிலீஷ்ல டெம்பர்னா ஒருத்தரோட மனசு கலங்காம சமமா நிக்கறது. "லாஸ்ட் ஹிஸ் டெம்பர்"னு இன்னிக்கும் சொல்றோமே, டெம்பர்னா கோவம்னு வச்சிக்கிட்டா கோவத்த தொலைச்சவன் சாந்தமாயில்ல ஆயிருக்கணும்? தொலைஞ்சது அவனோட நிதானம்.

இத கண்ணால பாக்கணும்னா ஒரு கொல்லுப்பட்டறைக்கு போய் நில்லுங்க. பென்னாகரம் ரோட்ல ஒரு பெரியவர் அருவா அடிப்பாரு. இரும்ப செவக்கக் காய்ச்சி தண்ணில முக்குவாரு, அதோட விட்டுட்டா இரும்பு கண்ணாடி மாதிரி, கெட்டியாத்தான் இருக்கும், ஆனா ஒரு கல்லுல பட்டா வாய் தெறிச்சிடும். அதனால வாய்ப்பக்கத்த தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டு மறுபடியும் மெதுவா சூடு காட்டுவாரு, அப்ப பாருங்க, அந்த பளபளப்பு மேல நெறம் ஓடும், மொதல்ல வைக்கோல் மஞ்ச, அப்பறம் பழுப்பு, அப்பறம் ஊதா, நீலம், வேண்டிய நெறம் விளிம்புக்கு வந்த நொடில சடக்குனு நிறுத்திடுவாரு. வைக்கோல் மஞ்சன்னா கிட்டத்தட்ட 220, 230 டிகிரி செல்சியஸ், நீலம்னா 300ஐ ஒட்டி. அவருகிட்ட தெர்மாமீட்டர் ஏது, எல்லாம் கண்ணுதான். இதுக்கு இங்கிலீஷ்ல டெம்பரிங். வெறைப்ப கொஞ்சம் எறக்கி, உடையாத உறுதி வர வைக்கறது. (சமையல் வீடியோல கடுகு தாளிக்கறதயும் டெம்பரிங்னுதான் சொல்றாங்க. போர்ச்சுகீசிய மொழில டெம்பரார்னா மசாலா போட்டு ருசி கூட்டறது, அதுவும் அதே லத்தீன் வேர்தான்.)

சுபாவத்துக்கு சொல்ற டெம்பரமென்ட்ங்கற வார்த்தையும் இங்கிருந்து வந்ததுதான், அதுல கலக்கறது எதன்னு கேட்டா நாலு திரவம். ரத்தம், கபம், மஞ்சப் பித்தம், கருப்புப் பித்தம். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பேர்ல வர்ற நூல்கள்லயே இந்தக் கணக்கு இருக்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டுல கேலன்னு இன்னொரு வைத்தியர் அத விரிவா எழுதி வச்சாரு, அதுக்கப்பறம் ஆயிரம் வருஷத்துக்கு மேல ஐரோப்பா பூரா அதே வைத்தியம். திரவத்துக்கு லத்தீன்ல பேரு ஊமர், அதுதான் ஹியூமர். இப்ப ஹியூமர்னா சிரிப்பு, அப்ப உடம்புக்குள்ள ஓடற தண்ணி! ரத்தம் தூக்கலா இருந்தா சாங்குவின், உற்சாகமான ஆளு. கருப்புப் பித்தம் தூக்கலா இருந்தா மெலங்கலி, சோகம். காம்ப்ளெக்ஷன்னு முகத்து நெறத்துக்கு சொல்றோமே, அதுவும் மொதல்ல இந்தக் கலவையோட பேருதான், உள்ள இருக்கற கலவை முகத்துல தெரியும்னு நம்பி நம்பி கடைசில முகத்துக்கே பேராயிடுச்சு.

நமக்கு இது புதுசா என்ன? "மிகினும் குறையினும் நோய்செய்யும்"னு வள்ளுவர் 941ஆவது குறள்ல வாத பித்த கபத்த பத்தித்தான் சொல்றாரு. வெறும் வயித்துல டீ குடிச்சா பித்தம், மாம்பழம் சூடுன்னு எங்க கிருஷ்ணகிரி பக்கம் இன்னும் வீட்டுக்கு வீடு பேச்சு. நாலு திரவக் கணக்கு வைத்தியமா இப்ப நிக்காது, அது வேற விஷயம். ஆனா அந்தக் கணக்குப்படி ஒருத்தன் சிடுசிடுன்னு இருந்தா அவன் கெட்டவன் இல்ல, கலவை தப்பியிருக்கு, சாப்பாட்ட மாத்து, தூக்கத்த சரி பண்ணு, திரும்பிடுவான். தமிழ்ல குணம்னா சுபாவம், நோய் தீர்ந்தாலும் "குணமாயிடுச்சு". எனக்கு இது ரொம்ப புடிக்கும்.

கிரகத்த வச்சும் இங்கிலீஷ்ல சுபாவத்துக்கு பேரு வச்சிருக்காங்க. ஜோவியல்னா ஜோவ், அதாவது நம்ம குரு, கலகலன்னு இருக்கறவன். சாட்டர்னைன்னா சனி, மந்தமா இருண்டு கெடக்கறவன். மெர்க்குரியல்னா புதன், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறறவன். சுபாவத்துக்கு இன்னொரு வார்த்தையான டிஸ்பொசிஷனும் இந்த ஜாதகத்துலதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு, கிரகம் எங்கெங்க உக்காந்திருக்குன்னு. அடிப்படைல அது எடுத்து அதனதன் எடத்துல வைக்கறது. படைய நிறுத்தி வைக்கற வரிசைக்கும் அதே வார்த்தை, மனுஷன் சுபாவத்துக்கும் அதே வார்த்தை, தர்மபுரி கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குடுத்த மனு "டிஸ்போஸ்" ஆயிடுச்சுன்னு சொல்றாங்க பாருங்க, அதுவும் அந்தக் குடும்பம்தான்.

இதெல்லாம் லத்தீன்ல இருந்து எடுத்தது. இங்கிலீஷ்காரங்களோட சொந்த சரக்கு ஒண்ணு இருக்கு, ஃபெட்டில். ஆயிரம் வருஷம் முன்னாடி அவங்க பேச்சுல ஃபெட்டெல்னா இடுப்பு வார். அதுல இருந்துதான் வந்திருக்கணும்னு சொல்றாங்க, வார கட்டறது, தயாராகறது, ஒழுங்கு பண்றது, அப்பறம் உடம்பும் மனசும் நல்லா இருக்கற நிலைமை. நாமளும் வேலைக்கு எறங்கறவன "வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்டான்"னுதான சொல்றோம். ஃபவுண்டரி வேலைக்கு போற எங்க ஊரு பசங்களுக்கு இது நல்லா பழகின வார்த்தை, வார்ப்ப அச்சுல இருந்து எடுத்ததும் ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற பிசிர கிரைண்டர் வச்சு தேய்ச்சு எடுக்கறதுக்கு பேரு ஃபெட்லிங். இங்கிலாந்தோட வடக்குப் பக்கம் இன்னும் ஒருத்தர ஒருத்தர் பாத்தா "வாட் ஃபெட்டில்?"னு கேக்கறவங்க இருக்காங்க, நாம "நல்லா இருக்கீங்களா"ன்னு கேக்கறோமே அந்த மாதிரி.