தான்தோங்: பாதிப் பாலமும் சீனர்களின் போர்ப் பேச்சும்

சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில், வட கொரிய எல்லையில் இருக்கிறது தான்தோங். ஷென்யாங்கிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். யாலு ஆற்றின் எதிர்க்கரையில் தெரியும் சினுய்ஜு நகரை எட்டிப் பார்க்க வருகிறவர்களே அதிகம். உக்ரைன் போருக்கு ரஷ்யாவை விட்டுவிட்டு அமெரிக்காவையும் அதன் நேட்டோ ராணுவக் கூட்டணியையும் சீனர்கள் பலர் ஏன் குறை சொல்கிறார்கள் என்று யோசிப்பவருக்கும் இந்த ஊரில் வேலை உண்டு.

கிளம்பும் முன்பே சீன மொழிபெயர்ப்புச் செயலியை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் வைஃபையில் கூகுள் வேலை செய்யாது. நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் பெரும்பாலும் செய்யும். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும்.

முதலில் யிங்ஹுவா குன்றின் மேலுள்ள கொரியப் போர் நினைவகம். 2014 இறுதியில் மூடிப் புதுப்பித்து, 2020 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். வாசலில் நிற்கும் கோபுரத்தின் உயரம் 53 மீட்டர். 1953 போர்நிறுத்தத்தின் கணக்கு. கொரியப் போர் நினைவகம் என்று நாம்தான் சொல்கிறோம். அங்கே அதன் பெயர் 'காங் மெய் யுவான் சாவ்': அமெரிக்காவை எதிர், கொரியாவுக்கு உதவு. பெயரிலேயே எதிராளி யாரென்று வந்துவிடுகிறது. தென் கொரியாவுக்கு அதில் இடமில்லை.

செயலி குழப்புவதும் இங்கேதான். 'சாவ்ஷியன்' என்ற சொல் முழுக் கொரியாவையும் குறிக்கும், வட கொரியாவையும் குறிக்கும். 'கொரிய உள்நாட்டுப் போர்' என்பதை அது 'வட கொரிய உள்நாட்டுப் போர்' என்று மாற்றிவிடலாம். சீன அதிகாரபூர்வக் கதையில் இரண்டு போர்கள். 1950 ஜூன் 25 அன்று 'மூண்டது' உள்நாட்டுப் போர். மூட்டியவர் யாரென்ற கேள்வி எழுவதில்லை. அக்டோபரில் தொடங்குவது சீனாவின் போர். இடையில், சீனா தன்னுடையதென்று சொல்லும் தைவானின் நீரிணைக்கு அமெரிக்கா தன் ஏழாவது கடற்படைப் பிரிவை அனுப்பியதுதான் அந்தக் கதையின் ஆணிவேர். தெற்கின் மீது படையெடுக்க வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் ஸ்டாலினிடம் சம்மதம் வாங்கியதை சோவியத் ஆவணங்களைக் கொண்டு விரிவாக எழுதியவர் ஒரு சீன வரலாற்றாசிரியரே, ஷென் ஜிஹுவா. பொதுப்பேச்சில் அது எடுபடவில்லை.

இந்தச் சட்டகத்தை அப்படியே உக்ரைன் மேல் வைத்துப் பாருங்கள். ரஷ்யப் படை எல்லை தாண்டியது பின்னுக்குப் போகும்; நேட்டோவின் கிழக்கு நோக்கிய விரிவாக்கம் முன்னுக்கு வரும். அமெரிக்கா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறது என்பது சீன வெளியுறவுத் துறையின் வழக்கமான வசனம். 2022 மார்ச் 18 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனிடம் ஷி ஜின்பிங் இரண்டு பழமொழிகளைச் சொன்னார். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பது ஒன்று. அது நமக்கும் தெரிந்ததுதான். புலிக்கு மணி கட்டியவனே அதை அவிழ்க்க வேண்டும் என்பது மற்றொன்று. (நாம் பூனைக்கு மணி கட்டுவது யாரென்று கேட்கிறோம், அவர்கள் கட்டியாகிவிட்டது என்கிறார்கள்.) உக்ரைன் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது இந்தப் பேச்சில் அநேகமாக வராது. சீனர்கள் எல்லாருக்கும் ஒரே குரல் என்றும் எண்ண வேண்டாம். 2022 பிப்ரவரி இறுதியில் ஐந்து சீன வரலாற்றுப் பேராசிரியர்கள் படையெடுப்பைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார்கள். சில மணி நேரத்திலேயே அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டது.

நினைவகத்துக்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும். பிறகு ஆற்றங்கரையில் உள்ள உடைந்த பாலம். ஜப்பானியர் 1911இல் கட்டி முடித்த 12 கண் இரும்புப் பாலம் இது. சீனக் கரையிலிருந்து நான்காவது கண், கப்பல்களுக்கு வழிவிடச் சுழலும்படி அமைக்கப்பட்டது. அதன் இயந்திர அமைப்பை நின்று பாருங்கள். அதோடு பாலம் முடிகிறது. நுனியில் முறுக்கிய இரும்பு. அதற்கப்பால் ஆற்றில் வெறும் தூண்கள். பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவது பாலத்தில்தான் இன்று ரயில் ஓடுகிறது. எல்லைக் காவலர்களைப் படம் எடுக்காதீர்கள்.

1950 நவம்பரில் இதை உடைத்தவை அமெரிக்க விமானங்கள். அதற்கு முன்பே, ஆகஸ்டில், அப்போது ஆன்தோங் என்று பெயர் கொண்டிருந்த இந்த ஊரின் மேலும் அமெரிக்க விமானங்கள் சுட்டதாகச் சீனா புகார் செய்திருந்தது. ஆனால் பாலத்தைத் தாக்க அமெரிக்கத் தளபதி மெக்கார்த்தருக்கு வாஷிங்டன் தந்த அனுமதி கொரியப் பாதிக்கு மட்டுமே. போர் சீனாவுக்குள் பரவிவிடக் கூடாது என்ற பயம். அமெரிக்க ஆக்கிரமிப்புக்குச் சாட்சி என்று சீனா காட்டும் நான்கு கண்களும் நின்றுகொண்டிருப்பது அந்தத் தயக்கத்தால்தான்.