தனக்கா பூசின கன்னம்

என் தம்பி பொண்ணுக்கு ஆறு வயசு, பர்மாவுல மோல்மேன்ல இருக்காங்க. எங்கம்மா தினம் காலையில தனக்காவை, அதான் இங்க மூஞ்சியில பூசற மஞ்சள் நிற மரப்பட்டையை, கல்லுல உரசி அவ ரெண்டு கன்னத்துலயும் அப்பி விட்டுடுவாங்க, அதனால மூஞ்சி மஞ்சளாகிட்டு வந்தது யாருக்குமே தெரியல. ஒருநாள் குளிப்பாட்டித் துடைக்கும்போதுதான் அம்மா பார்த்திருக்காங்க, கழுவியும் மஞ்சள் போகல, கண்ணு வெள்ளையும் மஞ்சள்.

காமாலைன்னு கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடுத்தாங்க. பத்து நாள்ல மஞ்சள் இறங்கிடுச்சு, எல்லாருக்கும் நிம்மதி. ஆனா இந்த வியாதியில மஞ்சள் வர்றதும் தானா போறதும் வழக்கம்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. ரெண்டு மாசத்துல திரும்ப வந்துச்சு, கூடவே வாந்தி, வலதுபக்கம் வயித்துவலி, மலம் வெளுத்து சுண்ணாம்புக் களி மாதிரி, ஒண்ணுக்கு பால் விடாத டீ மாதிரி. பக்கத்துல ஒரு கிளினிக்ல ஸ்கேன்கூட எடுக்காம பூச்சி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

ராத்திரி பஸ்ல ரங்கூன் கூட்டிட்டு வரச் சொன்னேன். ஸ்கேன்ல பித்தக் குழாய் பலூன் மாதிரி ஊதிப்போய் இருந்துச்சு. கோலிடோக்கல் சிஸ்ட்டாம், அதாவது பித்தக் குழாய் பை மாதிரி ஊதிப்போறது, பிறவியிலயே வர்றது. பொம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம், ஆசியா பக்கம், முக்கியமா ஜப்பான்ல ஜாஸ்தி. இதை அஞ்சு வகையா பிரிச்சு 1977ல எழுதினவரும் தோடானின்னு ஒரு ஜப்பான் டாக்டர்தான். எங்க பிள்ளைக்கு முதல் வகை, அதுதான் ரொம்ப சகஜம்.

டாக்டர் ஒரு பேப்பர் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கல்லீரல்ல இருந்து வர்ற பித்தக் குழாயும் கணையத்துக் குழாயும் சாதாரணமா குடல் சுவருக்கு உள்ள வந்து சேரும், அங்க இருக்கிற தசை வால்வு மாதிரி அதுஅது வழியில போகவிடும். இந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு ரெண்டும் வெளியிலயே சேர்ந்துடுது, வால்வு பிடி எட்டாது, கணைய நீர் பின்வாங்கி பித்தக் குழாய்க்குள்ள ஏறிடும். உள்தோல் புண்ணாகும் ஆறும், திரும்பப் புண்ணாகும், வருஷக்கணக்கா இப்படியே நடந்து கடைசியில செல்லே மாறி கேன்சர் ஆகலாம்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் தம்பி பேச்சே இல்லாம உட்கார்ந்துட்டான். அப்புறம், "அக்கா, இப்பதான் வலி இல்லையே, பெரியவளானதும் பண்ணிக்கலாமா?"ன்னு கேட்டான். அவன் பயம் எனக்குப் புரிஞ்சது, ஆனாலும் விடல. 10 வயசுக்குள்ள கேன்சர் வர்றது 100ல 1க்கும் கம்மி, சின்னப் பிள்ளைக்கு வந்ததா எழுதியிருந்தாலும் அது ரொம்ப அபூர்வம். பையை அப்படியே விட்டு வளர்ந்தவங்களுக்கு 100ல 10க்கு மேலன்னு சொல்றாங்க. அப்போ கம்மியா இருக்கிற காலத்துலயே எடுத்துடறதுதானடா நியாயம்?

பித்தம் இறங்க வெறும் வழி திறந்து விடறது பத்தாதுங்கிறதையும் இங்க சொல்லணும். அந்தக் காலத்துல பையை உள்ளயே வச்சு குடலோட தைச்சு விடுவாங்களாம், மஞ்சள் போயிடும், ஆனா பை அங்கயே இருக்கும், பல வருஷம் கழிச்சு அதுலயே கேன்சர் வந்திருக்கு. இப்போ ஊதின குழாயையும் பித்தப்பையையும் எடுத்துட்டு, சிறுகுடல்ல ஒரு துண்டை மேல இழுத்து கல்லீரல் குழாய் வாயில சேர்க்கறாங்க. அந்தப் பழைய மாதிரி பையை உள்ளயே வச்சுத் தைச்சவங்க யாராவது உங்க வீட்டுல இருந்தா, என்ன ஆபரேஷன்னு பழைய பேப்பரை எடுத்துப் பாருங்க, தயவு செஞ்சு.

இவளுக்கு ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் ஆச்சு. மிச்சமிருக்கிற குழாய் நுனியில பின்னாடி கேன்சரோ கல்லோ வரலாம், அதனால ஆயுசுக்கும் செக்கப் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அம்மா இப்பவும் தனக்கா பூசறாங்க, பூசறதுக்கு முன்னாடி ஜன்னல்கிட்ட நிக்க வச்சு கீழ் இமையை இழுத்துப் பார்க்கறாங்க, அவளும் பழகிப்போய் தானே மேல பார்த்துக்கிட்டு நிக்கிறா. அடுத்த ஸ்கேன் தைப்பூசம் முடிஞ்சு.