வெர்ஸனே ஊரில் ஒரு திராட்சைக்காரர்

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. தாத்தா காலத்தில் நெல், அப்பா காலத்திலிருந்து பன்னீர் திராட்சை. நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே தோட்டத்தையும் கவனித்தவன். ஓய்வு பெற்ற பிறகு முழு நேரத் தோட்டக்காரன். பாரிசில் படிக்கிற மகளுக்கு இது தெரியும். "அப்பா, நீங்க ஐஃபிள் டவரைப் பார்த்துட்டு அஞ்சு நிமிஷத்துல போகலாம்பீங்க" என்று சொல்லி, நாங்கள் போய் இறங்குமுன்பே, குமிழ் ஒயினுக்குப் பேர்போன ஷாம்பெயின் பகுதித் தோட்டங்களுக்கு ஒருநாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டி வைத்திருந்தாள். ஆளுக்கு 250 யூரோவுக்குக் கொஞ்சம் மேல். அதை ரூபாயில் என் மனைவி கணக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

2024 செப்டம்பர் மூன்றாவது வாரம். எட்டுப் பேர் உட்காரும் வேன். நாங்கள் மூவர், ஓய்வு பெற்ற அமெரிக்கத் தம்பதி, பிரேசிலிலிருந்து இரண்டு தோழிகள், யாரிடமும் பேசாத ஒரு கொரியப் பையன். வண்டி ஓட்டியதும் விளக்கம் சொன்னதும் ஒரே அம்மணிதான். ரெய்ம்ஸ் ஊர்க்காரர். ஓட்டுகிறவர் என்பதால் அன்று முழுக்க ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஏ4 மோட்டார்வேயில் கிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால், கோதுமை அறுத்த வெறும் காடு முடிந்து சரிவுகளில் கொடி வரிசை தொடங்குகிறது.

காலை பத்தரைக்கு முதல் கிளாஸ் கையில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பத்தரைக்குக் கையில் கிளாஸ் வைத்திருப்பவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் மகள் வேறு. மனைவி என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ரெய்ம்ஸ் நகரில் ஒரு பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம். கீழே இருக்கும் நிலவறைகளை மறுக்க முடியாது. சாக்பீஸ் மாதிரி வெளுத்த சுண்ணக்கல்லை அந்தக் காலத்தில் வெட்டியெடுத்த குழிகள். மேலே வாய் குறுகி, கீழே போகப் போக அகலும். மேலே வெயிலோ பனியோ, உள்ளே வருஷம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரி. முதல் உலகப் போரில் ஜெர்மன் பீரங்கிகள் ஊரை இடித்துக்கொண்டிருந்தபோது ரெய்ம்ஸ் மக்கள் இந்தக் குழிகளில்தான் குடியிருந்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே உள்ளே நடந்தது என்று எங்கள் அம்மணி சொன்னார். 2015-ல் இந்தப் பகுதியின் சரிவுகளும் நிலவறைகளும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆனால் நிறுவனத்துப் பையன் காட்டிய சுற்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற சுற்று. ஒரு விதவை எப்படிக் கம்பெனியை நடத்தினாள், எந்த ராஜா எதைக் குடித்தான், அடுத்தது கடை. கொடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "அது தோட்டத்துக்காரர்கள் விஷயம்" என்று சிரித்தான்.

அந்தத் தோட்டத்துக்காரர் அடுத்த ஊரில் இருந்தார். வெர்ஸனே, ரெய்ம்ஸுக்குத் தெற்கே மலைச்சரிவில் இருக்கும் ஊர். கடலே இல்லாத இடத்தில் கொடிகளுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1909-ல் ஷாம்பெயின் வியாபாரி ஒருவர் விளம்பரத்துக்காகக் கட்டியது. நம்மூர்க் கட்அவுட்டுக்குப் பெரியப்பா என்று மகளிடம் சொன்னேன். மேலே ஏறினால் நாலு பக்கமும் கொடிதான்.

வேனை விட்டு இறங்கியதும் நான் நேராக வரிசைக்குள் போய்விட்டேன். பந்தலே கிடையாது. கம்பி இழுத்து, நெஞ்சளவு உயரத்துக்குக் கொடியை நிறுத்தியிருக்கிறார்கள். குலை முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. நாம் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து பறித்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். அங்கே குனிந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வரிசைக்கு வரிசை மூன்று நாலு அடிதான் இடைவெளி. எக்டேருக்கு எட்டாயிரம் கொடி வரை நடுவார்களாம். அந்தச் சந்தில் நம் டிராக்டர் நுழையாது. அதனால் வரிசைக்கு மேலே கால் அகட்டி நடக்கிற உயரமான டிராக்டர் வைத்திருக்கிறார்கள். அதைப் படம் எடுக்க நான் நின்றதில் பத்து நிமிஷம் எல்லோருக்கும் தாமதம்.

அறுவடை மும்முரத்தில் பலர் விருந்தாளிகளை உள்ளே விடுவதில்லை. இவர் விட்டார். அறுபதை ஒட்டிய வயது, ரப்பர் பூட்ஸ், ஜூஸ் கறை படிந்த கை. பறிக்க வந்தவர்கள் போலந்து, பல்கேரியாக்காரர்கள். ஷாம்பெயினில் இயந்திரம் வைத்து அறுக்கச் சட்டம் விடாது. குலை முழுசாக, காய் உடையாமல் அழுத்தும் இடத்துக்கு வந்தாக வேண்டும். காரணத்தை அவர் கையில் காட்டினார். பினோ நுவார் பழம் ஒன்றைப் பிதுக்கினார். தோல் கருநீலம், சாறு நிறமே இல்லாதது. தோல் ஊறினால் சாறு சிவந்துவிடும், அதனால் பறித்ததும் மெதுவாக, சீக்கிரமாக அழுத்த வேண்டும். இந்த ஊரில் பெரும்பாலும் இதுதான். ஷாம்பெயினின் மற்ற இரண்டு முக்கிய ரகங்களில் மூனியேயும் கறுப்பு. ஷார்டனே மட்டும்தான் வெள்ளை. கறுப்புப் பழத்தில் வெள்ளை ஒயின் எடுக்கிற வித்தையே அழுத்தத்தில் இருக்கிறது.

ஒரு தடவைக்கு 4,000 கிலோ குலை. அதிலிருந்து முதல் சாறு 2,050 லிட்டர், அடுத்த சாறு 500 லிட்டர். அதோடு நிறுத்த வேண்டும். பிழிந்தால் இன்னும் வரும், பிழியக் கூடாது. சக்கை வடிசாலைக்குப் போய்விடுகிறது. மனசுக்குள் கணக்குப் போட்டேன், ஒரு பாட்டிலுக்கு ஒண்ணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பழம்.

அதற்குப் பிறகு நான் கேட்க, மகள் மொழிபெயர்க்க, எங்கள் இருவருக்குமான பேச்சாகிவிட்டது. அமெரிக்கர் கிளாஸை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் எப்படி?" என்றேன். வசந்தத்தில் உறைபனி, அப்புறம் ஓயாத மழை, அடிச்சாம்பல் நோய். என்ன அடித்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பிரெஞ்சில் 'போர்தோ' என்பது காதில் விழுந்தது. மகள் வாய் திறக்குமுன் "மயில்துத்தமும் சுண்ணாம்பும்தானே!" என்றேன். போர்டோ கலவை! போன மாதம்தான் நானும் கலக்கி அடித்திருந்தேன்.

எங்கள் தோட்டப் படங்களைக் காட்டினேன். கல்தூண் நட்டுப் பந்தல் போட்டு, தலைக்கு மேலே குலை தொங்குவதைப் பார்த்தவர், வருஷத்தில் எப்போது அறுவடை என்று கேட்டார். ஆளுக்கு ஆள் கவாத்துத் தேதியை மாற்றிக்கொள்வோம், அதனால் கம்பம் பள்ளத்தாக்கில் எங்காவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும் என்றேன். "அப்படியானால் கொடி எப்போது தூங்கும்?" என்றார். தூங்காது, நாங்களும் தூங்க மாட்டோம் என்றேன். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எங்கள் பக்கம் சொல்லிக்கொள்வதையும், 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னேன். பாதிரியார் விஷயத்தில் அவருக்கு ஆர்வமில்லை. குறியீடு என்றதும் காதைத் தீட்டினார். "கிடைத்த பிறகு, எவ்வளவு பறிக்கலாம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?"

யாருமில்லை என்றேன். காய்த்ததெல்லாம் பறிப்போம். விலையை மண்டியில் தீர்மானிப்பார்கள்.

இங்கேதான் எனக்கு அந்த நாளின் உண்மையான சங்கதி கிடைத்தது. ஒவ்வொரு கோடையிலும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் நிறுவனங்களின் பிரதிநிதிகளும் ஒரே மேஜையில் சம பலத்தோடு உட்கார்ந்து, இந்த வருஷம் எக்டேருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள். 2024-க்கு 10,000 கிலோ. நம் கணக்கில் ஏக்கருக்கு நாலு டன். கூடுதலாகக் காய்த்தால் ஒரு பகுதியைக் கெட்ட வருஷத்துக்கு இருப்பு ஒயினாக வைக்கலாம். அதற்கு மேல் இருப்பது ஷாம்பெயின் ஆகாது. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகள் கையில். விற்கிற பாட்டிலில் பெரும்பகுதியோ நிறுவனங்களுடையது. அதாவது அவருக்கு இவர் வேண்டும், இவருக்கு அவர் வேண்டும்.

இது நல்லெண்ணத்தில் வந்ததில்லை. 1910-ல் விளைச்சல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் சில வியாபாரிகள் வெளிப் பிரதேசத்துத் திராட்சையை இறக்கி ஷாம்பெயின் என்று விற்றார்கள். 1911-ல் விவசாயிகள் கொதித்துப்போய் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கட்டிடங்களுக்குத் தீ வைத்தார்கள், தெருவில் ஒயின் ஓடியது, ராணுவம் வந்தது. இரு தரப்பும் உட்காரும் அந்த அமைப்பு வந்தது 1941-ல். எரித்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவில் முப்பது வருஷம். எங்கள் மண்டி வாசலில் கிலோ முப்பது ரூபாய்க்குக் கேட்ட நாளில், திராட்சையை ரோட்டில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கிலோ என்ன விலை போகிறது என்று கேட்டேன். ஏழு யூரோவை ஒட்டி என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிலத்தின் விலையையும் சொன்னார். எக்டேர் பத்து லட்சம் யூரோவுக்கு மேல். "நான் பணக்காரன், செத்த பிறகு. என் பிள்ளைகள் வாரிசு வரி கட்ட நிலத்தில் ஒரு துண்டை விற்க வேண்டியிருக்கும்." மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

குமிழ் வருகிற கதையை அவர் நிலவறையில் அவசரமாகத்தான் சொன்னார், அதுவே போதும். ஒரு தடவை புளித்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளே மறுபடி புளித்து, வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைகிறது. ஆறு வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல ரெண்டரை மடங்குக்கு மேல். அதனால்தான் காலிப் பாட்டிலே முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கிறது. அந்தக் காலத்தில் பாட்டில்கள் வெடிக்கும் என்று நிலவறை வேலைக்காரர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். குறைந்தது பதினைந்து மாதம் வைத்திருந்து, தலைகீழாகச் சாய்த்துத் திருப்பித் திருப்பி ஈஸ்ட் மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் மண்டி ஐஸ் கட்டியாகத் தெறித்து வெளியே போகிறது. குறைந்த இடத்தில் கொஞ்சம் இனிப்பு ஒயினை ஊற்றித் தக்கை அடிக்கிறார்கள்.

அந்தக் கடைசி இனிப்பில்தான் சுவை மாறுகிறது. இனிப்பே சேர்க்காதது, லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான பிரூட், 32 கிராமுக்கு மேலே டெமி-செக் என்று வரிசையாக ஊற்றினார். இனிப்பில்லாததைத்தான் ரசனைக்காரர்கள் புகழ்வார்கள் போலிருக்கிறது. பிரேசில் தோழிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குப் பச்சைக் காயைக் கடித்த மாதிரி பல் கூசியது. டெமி-செக் நன்றாக இருந்தது. மனைவிக்கு அழுத்துமிடத்திலிருந்து நேரே பிடித்த சாறு ஒரு கிளாஸ் கிடைத்தது. அன்று ஊற்றியதிலேயே அதுதான் சிறப்பு என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். நானும் ஒரு வாய் வாங்கிக் குடித்தேன், மறுக்க முடியவில்லை.

மதியம் ஓவிலே என்ற ஊர். அங்கே மடத்துக் கோயிலில் தோம் பெரிஞோன் துறவியின் கல்லறை இருக்கிறது. குமிழைக் கண்டுபிடித்தவர் என்று உலகமே நம்புகிறவர். உண்மையில் அவர் பாட்டிலில் குமிழ் வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார் என்று அம்மணியே போட்டுடைத்தார். பல தோட்டத்துப் பழத்தைக் கலந்து ஒயின் செய்வதில்தான் கெட்டிக்காரராம். சாப்பாட்டில் எங்களுக்கு ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட் தவிர வழியில்லை. ஊறுகாய் பாக்கெட் காப்பாற்றியது. எப்பெர்னே ஊரின் ஷாம்பெயின் அவென்யூ பணக்காரக் கட்டிடங்களின் தெரு. தெருவுக்கு அடியில் கோடிக்கணக்கில் பாட்டில்கள் படுத்திருக்கின்றன என்றார்கள், நாங்கள் மேலே நடந்துவிட்டு வந்தோம்.

சுற்றுலாவில் யாரும் சொல்லாத ஒன்றைத் திரும்பும்போது மகள் சொன்னாள். 2023 அறுவடையின்போது கடும் வெயிலில் பறிக்கும் தொழிலாளர்கள் சிலர் இறந்துபோனார்கள். ஏழு யூரோவில் குனிந்தவனுக்கு எவ்வளவு போகிறது என்பதை அந்தத் தோட்டத்துக்காரரிடம் நான் கேட்டிருக்கலாம். அவர் என்னிடம் அதே கேள்வியைத் திருப்பியிருந்தால் என் பதிலும் பெருமையாக இருந்திருக்காது.

போக நினைப்பவர்களுக்கு: பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள். வேனில் எத்தனை பேர். நாளில் ஒரு இடமாவது சொந்தத் தோட்டத்துப் பழத்தில் சொந்தமாகச் செய்கிறவருடையதா. அப்படிப்பட்டவர் பாட்டிலில் லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.' என்றிருக்கும், பெரிய நிறுவனங்களுக்கு 'என்.எம்.' விலையிலும் வித்தியாசம் தெரியும். ரெய்ம்ஸில் கேட்ட விலையில் ஏறக்குறைய பாதிக்கு வெர்ஸனேயில் வாங்கினோம். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. நிலவறைக்கு ஸ்வெட்டர் வேண்டும். ருசி பார்த்துவிட்டுத் துப்ப ஒரு ஜாடி வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள். கொரியப் பையன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, வேனில் பாரிஸ் வரும்வரை எங்கள் எல்லோரிடமும் பேசிக்கொண்டே வந்தான்.