பயறு முளை ஏன் உருண்டையா வளரல?

முளைகட்டின பயறை டப்பாவுல மூடி வச்சு மறந்துட்டா வெள்ளை வெளேர்னு தண்டு நீண்டிருக்கும்ல, அதுல புதுசா செல் முளைச்சது கம்மி, இருக்கிற செல்லே தண்ணிய இழுத்து நீண்டதுதான் ஜாஸ்தி. ஆனா உள்ள இருக்கிற தண்ணி எல்லா பக்கமும் ஒரே மாதிரி தானே தள்ளும், அப்புறம் ஏன் உருண்டையா உப்பாம நீளவாக்குல மட்டும் போகுது?

செல்சுவர்ல செல்லுலோஸ் இழை குறுக்கால வளையம் வளையமா ஓடுது. பலூன் மேல நெருக்கமா நூல் சுத்திட்டு ஊதினா அகலம் கூடாதுல்ல, அதே கதைதான். சரி, அந்த இழைய குறுக்கால போடணும்னு செல்லுக்கு எப்படி தெரியும்?

இதுக்கு பதில் தேடினதுல எனக்கு ரொம்ப பிடிச்சது பால் கிரீன்ங்கிற தாவர விஞ்ஞானி 1962ல செஞ்ச சோதனை. நைட்டெல்லானு ஒரு பாசி, அதோட ஒரே செல் சில சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதுக்கு கோல்ச்சிசின் குடுத்தாரு (நம்ம ஊர்ல மூலனூர் பக்கம் விதைக்காகவே வளர்க்கிற கண்வலிக்கிழங்கு, அதாங்க செங்காந்தள், அதுல இருக்கிற அதே விஷம்). செல் வளர்றத நிறுத்தல, ஆனா திசை போயிடுச்சு, உருண்டையா உப்ப ஆரம்பிச்சுது! செல் பிரியும்போது உருவாகிற புரத நூல்கள கோல்ச்சிசின் கலைச்சிடும்னு அப்பவே தெரியும், அதனால வளர்ற செல்லுக்குள்ளயும் அதே மாதிரி ஏதோ இருந்து இழைக்கு வழி காட்டுதுன்னு கண்ணால பாக்காமலே சொல்லிட்டாரு. அடுத்த வருஷமே லெட்பெட்டரும் போர்ட்டரும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல செல்சவ்வுக்கு கீழ குறுக்கால படுத்திருக்கிற மெல்லிசு குழாய்கள பாத்துட்டாங்க. மைக்ரோடியூபியூல், சுமார் 25 நானோமீட்டர் தடிமன்.

2006ல ஸ்டான்ஃபோர்ட்ல செல்லுலோஸ் நெய்யிற என்சைமுக்கு ஒளிர்ற புரதத்த ஒட்டி உயிரோட இருக்கிற செல்லுலயே பாத்தாங்க, அந்த என்சைம் குழாய் ஓரமாவே நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 300 நானோமீட்டர் வேகத்துல ஊர்ந்து போகுது, அப்படின்னா ஒரு மில்லிமீட்டர் போக ரெண்டு நாளுக்கு மேல ஆகும்.

அப்ப குழாய்க்கு திசை சொல்றது யாரு? முழுசா முடிஞ்ச கதை இல்ல இது, ஆனா 2008ல அராபிடாப்சிஸ் செடியோட குருத்து நுனில பாத்ததுல, சுவர் எந்த பக்கம் அதிகமா இழுபடுதோ அந்த வாக்குலயே குழாய்கள் அடுக்கிக்குதுன்னு காட்டினாங்க. உருளை வடிவ செல்லுல சுத்துவட்டமா இருக்கிற இழுவிசை நீளவாக்குல இருக்கிறத விட ரெண்டு மடங்கு, சாதாரண பிசிக்ஸ்தான், அதனால எங்க கிழியுற மாதிரி இருக்கோ அங்கயே செல் இழைய போட்டு கட்டிக்குது.