சினெக்டகி என்னும் பூச்சாண்டி

அண்ணன் மகள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. நாளைக்குத் தேர்வு. "சித்தப்பா, மெட்டானமிக்கும் சினெக்டகிக்கும் என்ன வித்தியாசம்? மண்டையில ஏறவே மாட்டேங்குது" என்று நோட்டோடு வந்து நின்றாள். இரண்டுமே ஒன்றின் பெயரால் இன்னொன்றைக் குறிக்கும் அணிகள்.

"கல்யாண வீட்டில தலைக்கு ஒரு தாம்பூலப் பைன்னா, தலைக்கு மட்டுமா கொடுப்பாங்க?" என்றேன். சிரித்துவிட்டாள். தலை என்ற உறுப்பு முழு ஆளுக்கு ஆகிவருகிறது. பள்ளியில் படித்த அதே சினையாகுபெயர்தான் சினெக்டகி. கப்பலில் 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' (எல்லாக் கைகளும் மேல்தளத்துக்கு) என்று கூப்பிட்டால் கைகள் மட்டும் கழன்று ஓடி வருவதில்லை.

மெட்டானமிக்கு உறுப்பாக இருக்க வேண்டியதில்லை, தொடர்பு இருந்தால் போதும். அரசருக்குப் பதில் 'கிரவுன்' (மகுடம்). 'வெள்ளை மாளிகை அறிவித்தது' என்றால் சுவரும் தூணுமா பேசின? (நம் இடவாகுபெயர்!) மெட்டானமி என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கே பெயர் மாற்றம் என்றுதான் பொருள்.

"அப்போ ஷேக்ஸ்பியர் நாடகத்துல ஆன்டனி 'லெண்ட் மீ யுவர் இயர்ஸ்', உங்க காதுகளைக் கடனாக் கொடுங்கன்னு கேட்கிறது?" என்று மடக்கினாள். நல்ல கேள்வி. காது உறுப்புதான், ஆனால் அங்கே அது குறிப்பது ஆளை அல்ல, கவனத்தை. அதனால் மெட்டானமி. நாமும் 'காது கொடுத்துக் கேள்' என்றுதானே சொல்கிறோம்.

அடுத்து 'சியாஸ்மஸ்' என்று இன்னொரு அணியை ஆரம்பித்தாள். நான் காபி போடப் போய்விட்டேன்.