2-4 வளையலும் ஏப்ரல் 2-ஆம் தேதியும்

கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் துணிக்கடைகளுக்குச் சரக்குப் பட்டியல் போடும் வேலையில் முதலில் பார்க்க வேண்டியது விலையையும் அல்ல, படத்தையும் அல்ல, சைஸைத்தான். ஒரே ஜிப்பாவுக்கு 'எக்ஸ்எக்ஸ்எல்', '2எக்ஸ்எல்', 'டபுள் எக்ஸ்எல்' என்று மூன்று பெயர் இருக்கும். மனிதருக்கு மூன்றும் ஒன்று, மென்பொருளுக்கு மூன்று தனிச் சரக்கு. அதில் ஒன்று பூஜ்யம் காட்டினால் போதும். உருப்படி அலமாரியில் இருக்கும்போதே 'சைஸ் இல்லை' என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே சைஸைக் கையால் டைப் செய்ய வழியே விடக் கூடாது. சரக்கு வகைக்கு ஒரு பட்டியல் போட்டு, அதிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் அனுமதிக்க வேண்டும். ஜிப்பாவுக்கு எஸ் முதல் 3எக்ஸ்எல் வரை, பிளவுசுக்கு 32, 34, 36 என்று தனி, சிறுமியர் பாவாடை சட்டைக்குத் தனி. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டினால் பிளவுஸ் 36-உம் பாவாடை சட்டை 36-உம் கலந்துவிடும். பாவாடை சட்டை எண்ணோ தைப்பவருக்குத் தைப்பவர் மாறும். மார்பையும் உயரத்தையும் இன்ச்சில் அளந்து விவரத்தில் எழுதிவிடுவதே நல்லது.

அதிகம் கழுத்தறுப்பது வளையல். 2-4 என்றால் 2.4 இன்ச் அல்ல. இரண்டு இன்ச்சும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது 2.25 இன்ச் உள்விட்டம், 57.2 மி.மீ. 2-6 என்பது 60.3, 2-8 என்பது 63.5, 2-10 என்பது 66.7 மி.மீ. இந்தப் பட்டியலை எக்செலில் அடித்தால், மலேசியத் தேதி அமைப்பில், 2-4 ஏப்ரல் 2 ஆகிவிடும், 2-10 அக்டோபர் 2 ஆகிவிடும். கோடு வேண்டாமென்று புள்ளி வைத்தாலும் தப்பிக்க முடியாது, 2.10 வெறும் 2.1 ஆகும். செல்லை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். தேதியான பிறகு மாற்றினால் ஐந்து இலக்க எண்தான் மிஞ்சும். காற்புள்ளியால் பிரித்த பட்டியலான சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்து சேமித்தாலும் இதே கதி. 'டேட்டா' மெனு வழியாக உள்ளே எடுத்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்ல வேண்டும். 955-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு எண்ணுக்கும் அப்படியே, இல்லாவிட்டால் 9.55E+12 என்று சுருங்கிவிடும்.

இன்னொன்று, வரிசை. எழுத்தாகப் பார்த்தால் 2-10 என்பது 2-4-க்கு முன்னால் வந்து நிற்கும். உள்ளே பி204, பி206, பி208, பி210 என்று குறியீடு கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் கண்ணில் படும் பெயரை மட்டும் 2-4 என்று வைத்தால் தேதிச் சிக்கலும் வரிசைச் சிக்கலும் சேர்ந்தே தீரும்.

தீபாவளிச் சரக்கு இறங்கும்போது எட்டு நிறம், ஆறு சைஸ் என்று போட்டு, எல்லாச் சேர்க்கையையும் ஒரே அழுத்தலில் உருவாக்கும் ஆசை வரும். பட்டியலில் 48 வரி விழும். சரக்கோடு வந்த பில்லில் இருப்பது இருபதாக இருக்கும். இணையக் கடை மென்பொருளான வூகாமர்ஸில் சேர்க்கைகள் முப்பதைத் தாண்டினால், மாற்றியமைக்காத வரை, இல்லாத சைஸைப் பக்கம் முன்கூட்டியே மங்கலாக்கிக் காட்டாது. நிறமும் சைஸும் தேர்ந்தெடுத்த பிறகுதான் வாங்குபவருக்கு 'இல்லை' என்று தெரியும். பில்லில் வந்ததற்கு மட்டும் வரி திறப்பதே சரி. விற்று முடிந்த சைஸையும் அழிக்காமல் முடக்கி வைக்க வேண்டும், அடுத்த வருட ஆர்டருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

சைஸ் மாற்றித் தரும்போது நடப்பது இதைவிட மோசம், ஏனென்றால் வெளியே தெரியாது. எம் திரும்பி வருகிறது, எல் போகிறது. 'ஒன்றுக்கு ஒன்றுதானே' என்று கேஷியர் ஸ்கேன் செய்யாமல் விட்டுவிடுகிறார். டிசைனின் மொத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும், அதனால் ஸ்டாக் எடுப்பிலும் சிக்காது. கணினி எம் சைஸை ஒன்று குறைத்தும் எல் சைஸை ஒன்று கூட்டியும் காட்டும். மாற்று பில்லில் இரண்டு பார்கோடும் ஸ்கேன் ஆகாமல் முடியாதபடி மென்பொருளில் பூட்டுங்கள். ஸ்டாக் எடுக்கும்போதும் டிசைன் கணக்காக எண்ணாமல், ஒவ்வொரு சைஸையும் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள்.